பிரட்டு இல்லாத வேலை

அப்வர்க் தளத்தில் மணிக்கணக்கில் வேலை செய்பவர்களுக்கு வாரம் முடிவது ஞாயிறு நள்ளிரவில், அதுவும் உலகப் பொது நேரப்படி. இலங்கைக் கடிகாரத்தில் அது திங்கள் விடியற்காலை 5.30. எட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பக்கத்து றப்பர் மலைகளில் பால் வெட்டுகிறவர்கள் இருட்டோடு இறங்கும் வேளை. பிரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுப்பதற்கு, தப்பு அடித்து லயங்களை எழுப்பிய காலத்தில் அதுவும் இந்த வேளையை ஒட்டித்தான் கேட்டிருக்கும். அந்தத் தளத்தின் மென்பொருள் ஒவ்வொரு 10 நிமிடத்துக்குள்ளும் ஒரு தடவை திரையைப் படம் பிடிக்கிறது. எந்த நொடியில் பிடிக்கும் என்று வேலை செய்பவருக்குத் தெரியாது. படத்தில் வேலை தெரிந்தால் அந்த 10 நிமிடத்துக்குக் காசு.

தோட்டத்துப் பிள்ளைகள் பலர் இந்த ஏற்பாட்டுக்குச் சீக்கிரமே பழகிவிடுகிறார்கள். அது எனக்குக் கவலை தருகிறது. நான் முடிந்தவரை பக்கக் கணக்கில்தான் வேலை எடுக்கிறேன். புத்தகப் பக்க வடிவமைப்பு, மொழிபெயர்ப்பு, இடையிடையே வீடியோக்களுக்குச் சப்டைட்டில். முடித்த பக்கத்துக்குக் காசு. எந்த நேரத்தில் முடித்தேன் என்பது என்னுடைய விஷயம்.

*

நூற்றைம்பது வருடத்துக்கும் மேலாக எங்கள் ஆட்களின் பகலை வேறு யாரோதான் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். 1865இன் தொழிலாளர் சட்டத்தில் முன்னறிவித்தல் இன்றி வேலையை விட்டுப் போவதே குற்றம். 1927இன் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்தபோது ஒரு நாள் வேலை என்பது மத்தியானச் சாப்பாட்டு நேரத்தையும் சேர்த்து 9 மணித்தியாலம் என்று எழுத்தில் வந்தது. அது பெரிய முன்னேற்றம். ஆனால் அந்த 9 மணித்தியாலத்துக்குள் எப்போது நிறுவை, எப்போது தேத்தண்ணி, எந்த மலைக்கு எத்தனை பேர் என்பதெல்லாம் கணக்கப்பிள்ளையின் கொப்பியில் இருந்தது. பிரட்டுக்களத்தில் போய் நின்றால் போதும், மீதியைத் தோட்டம் பார்த்துக்கொள்ளும்.

ஆங்கிலேய வரலாற்றாசிரியர் ஈ.பி. தொம்ப்சன் 1967இல் எழுதிய கட்டுரை ஒன்று இதைப் பற்றியது. ஆலைகள் வருமுன் மனிதர்கள் வேலையை வைத்து நேரத்தை அளந்தார்கள், ஆலை வந்தபின் நேரத்தை வைத்து வேலையை அளக்க வேண்டியதாயிற்று என்பது அவர் காட்டுவது. இங்கிலாந்தில் அந்த மாற்றத்துக்குப் பல தலைமுறை பிடித்தது. தமிழ்நாட்டிலிருந்து வயல் வேலையை விட்டுக் கோப்பிக்கும் தேயிலைக்கும் வந்தவர்களுக்கு அது கப்பலில் ஏறி இறங்குவதற்குள் நடந்து முடிந்துவிட்டது.

ஆகவே லப்டொப்பை மடியில் வைத்துக்கொண்டு காம்பராவில் உட்காருகிற தம்பி, தங்கச்சிமார் நேரத்தை வீணாக்குகிறார்கள் என்று யாராவது சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. தன் பகலைத் தானே பிரிக்கிற பழக்கம் நம் வீடுகளில் வாய்த்தது அபூர்வம். வாய்த்த இடங்கள் சில உண்டு. அவற்றைத் தேடித்தான் இந்தக் குறிப்புகளை எழுதத் தொடங்கினேன்.

*

முதல் இடம் கொந்தராத்துப் புல்லு. ஒரு குடும்பம் இத்தனை ஏக்கரை மாதக் கணக்கில் ஏற்றுக்கொள்ளும். புல்லு வளராமல் பார்த்துக்கொண்டால் மாதம் முடிய ஏக்கருக்கு இவ்வளவு. பிரட்டு வேலை முடிந்த பின்னேரம், ஞாயிறு, போயா நாள் என்று அந்தக் குடும்பமே தன் நேரத்தை ஒதுக்கியது. மழை விட்ட கையோடு புல்லு முளைத்துப் பூப்பதற்குள் இறங்கிவிட்டால் பாதி வேலை மிச்சம். ஒரு வாரம் தள்ளினால் இரண்டு மடங்கு. இதை எந்தத் துரையும் சொல்லிக்கொடுக்கவில்லை.

*

பால்வெட்டு. இரண்டாவது இடமான இதைக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும். கேகாலை மாவட்டத்தின் தோட்டங்களை வெளியார் தேயிலையோடு மட்டும் சேர்த்துப் பேசுகிறார்கள். இங்கே றப்பர்தான் பல குடும்பங்களின் பகலைத் தீர்மானிக்கிறது.

ஒருவருக்கு 250, 300 மரம். விடியுமுன் தொடங்க வேண்டும். காரணம் மரத்துக்குள்ளே இருக்கிறது. இரவில் இலைகள் நீரை வெளியே விடுவது குறைவு. அதனால் பால் குழாய்களில் அழுத்தம் விடியற்காலையில் உச்சத்தில் இருக்கும். வெயில் ஏற ஏற இலை நீரை இழுக்கும், அழுத்தம் தணியும், அதே வெட்டுக்குப் பால் குறைவாக ஓடும். 6 மணிக்கு வெட்டியதும் 9 மணிக்கு வெட்டியதும் ஒரே உழைப்புத்தான், வாளியில் ஒன்றாக இருப்பதில்லை.

வெட்டி முடித்தபின் காத்திருக்க வேண்டும். பால் சிரட்டைக்குள் சொட்டச் சொட்ட, ஆள் ஒன்றும் செய்ய முடியாது. அப்போதுதான் ரொட்டியும் தேத்தண்ணியும். முந்திய வெட்டின் ஒட்டுப்பாலைப் பிரித்தெடுப்பது, கத்தி தீட்டுவது போன்ற சின்ன வேலைகள் எல்லாம் பெரிய வேலையைச் சுற்றியுள்ள மணிகளுக்குப் போய்விடுகின்றன. பிறகு திரும்பவும் மரம் மரமாகப் போய்ப் பாலைச் சேர்த்து ஸ்டோருக்குக் கொண்டுபோய் நிறுத்துவிட்டால் மத்தியானத்தோடு முடிந்தது.

இரவு மழை பெய்து பட்டை நனைந்திருந்தால் வெட்டு இல்லை. பால் கானை விட்டு வழிந்து மரத்தில் பரவிப் போய்விடும். வெட்டுக்கு மேலே பொலித்தீனால் பாவாடை போலக் கட்டி மழையைத் தடுப்பது அதற்காகத்தான். இரத்தினபுரி, கேகாலை மழைக்கு அது கட்டாத மரத்தில் வருடத்துக்கு எத்தனை நாள் போகும் என்று பால்வெட்டுகிறவர்களைக் கேட்டால் தெரியும்.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது அடுத்தது. ஒரு மரத்தைத் தினமும் வெட்டுவதில்லை. ஒன்றுவிட்டு ஒரு நாள் வெட்டுவது நெடுங்கால வழக்கம். இப்போது 3 நாளைக்கு ஒரு வெட்டு முறையும் இருக்கிறது. அடுத்தடுத்து வெட்டினால் முதல் சில வாரம் பால் கூடும். பிறகு பட்டை வறண்டு வெட்டு வாயில் பாலே வராத நிலை வரும். அப்படி வறண்ட மரத்துக்கு மருந்து போட்டு மீட்பது கடினம். கொஞ்சக் காலம் விட்டுவைப்பதுதான் வழி. எல்லாக் கிளையண்ட்டுக்கும் சரி என்று சொல்லி, இரவு பகலாக உட்கார்ந்து, ஒரு கட்டத்தில் திரையைப் பார்த்தாலே கை வராமல் போன நண்பர்கள் எனக்கு இருக்கிறார்கள். திறமை குறைந்த ஆட்கள் இல்லை. அந்த மரங்களைப் போலத்தான் ஆனார்கள்.

என் விடியற்காலை இப்போது பால்வெட்டு நேரத்தோடு ஓடுகிறது. மொழிபெயர்ப்பு, கடினமான பக்க அமைப்பு எல்லாம் வெயில் ஏறுமுன். மின்னஞ்சல், பில், பிழை திருத்தம், கிளையண்ட்டோடு பேச்சு எல்லாம் பத்து மணித் தேத்தண்ணிக்குப் பிறகு.

*

தேயிலையிலும் பிரட்டு கரைந்துகொண்டு வருகிறது. கொம்பனிகள் பல தோட்டங்களில் தேயிலையைக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் வெளியார் உற்பத்தி முறையைக் கொண்டுவருகின்றன. குடும்பத்துக்கு இத்தனை மரம். உரத்தையும் மருந்தையும் கொம்பனி கொடுத்துக் கொழுந்துக் காசில் கழித்துக்கொள்ளும், கொழுந்தைக் கிலோவுக்கு இவ்வளவு என்று வாங்கும். பிரட்டு இல்லை, பேர் (ஒரு நாள் வேலைக்கான பதிவு) இல்லை.

விருப்பமான நேரத்தில் வேலை செய்யலாம் என்று இதைச் சொல்கிறார்கள். அது ஓரளவு உண்மை. ஆனால் தேயிலை மரம் காத்திருக்காது. சப்ரகமுவவின் தாழ்ந்த மலைகளில் சூட்டுக்கும் மழைக்கும் கொழுந்து வேகமாக வளரும். ஏறக்குறைய வாரத்துக்கு ஒரு சுற்று எடுத்தாக வேண்டும். தவறினால் இரண்டு இலையும் ஒரு மொட்டும் முற்றிப் போகும், ஸ்டோரில் தரம் குறைப்பார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த வாரத்தில் அந்தக் குடும்பத்துக்கு யார் பதில் ஆள்? முன்பு ஒரு நாள் பேர் போகும், மலை நிற்காது. இப்போது மலையே அவர்களுடையது போல, நஷ்டமும் அவர்களுடையது.

ஊழியர் சேமலாப நிதியும் இருக்கிறது. 1958இன் சட்டப்படி தொழிலாளியின் சம்பளத்திலிருந்து 8 வீதம், முதலாளி 12 வீதம். 1980இன் சட்டப்படி நம்பிக்கை நிதிக்கு முதலாளி இன்னும் 3 வீதம். கிலோக் கணக்குக்கு மாறும்போது இந்தப் பணம் என்ன ஆகிறது என்ற கேள்வியைத் தொழிற்சங்கங்கள் கேட்கின்றன. கேட்க வேண்டிய கேள்வி. நமக்கும் அதே கேள்வி உண்டு. கிளையண்ட் கொடுக்கிற தொகை பெரிதாகத் தெரியும். அதில் 23 வீதத்தை எடுத்து வைத்துவிட்டுப் பார்த்தால்தான் தோட்டத்துச் சம்பளத்தோடு ஒப்பிட முடியும். ஒரு வேலைக்கு எத்தனை நாள் ஒதுக்கலாம் என்பதும் அந்த மிச்சத் தொகையை வைத்துத்தான் தெரியும். 2024 செப்டெம்பரில் தோட்ட நாட்சம்பளம் 1350 ரூபாயாயிற்று. 3 நாள் இழுக்கிற லோகோ வேலையை 4000 ரூபாய்க்கு ஒத்துக்கொள்ளும் தம்பிமார் நாளுக்கு அதைவிடக் குறைவாகத்தான் உழைக்கிறார்கள். கரண்ட் பில்லையும் டேட்டாவையும் இன்னும் கழிக்கவில்லை.

*

1997இல் கொலின் கெமரரும் கூட்டாளிகளும் நியூயோர்க் டாக்ஸி ஓட்டுநர்களைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நாளுக்கு இவ்வளவு என்று மனதில் ஒரு தொகை வைத்திருப்பவர்கள், சவாரி அதிகமான நாளில் அந்தத் தொகை சீக்கிரம் சேர்ந்ததும் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள், மந்தமான நாளில் நீண்ட நேரம் ஓட்டுகிறார்கள் என்பது அதன் முடிவு. பின்னால் வந்த ஆய்வாளர்கள் சிலர் அதை மறுத்தார்கள். எது சரியானாலும், கொழுந்து எடுக்கும் பெண்களிடம் நான் பார்த்தது வேறு. கொழுந்து பொங்குகிற வாரங்களில் மேலதிகக் கிலோவை விடமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைக் கைக்காசுக்கும் போவார்கள். வறண்ட மாதத்தில் மலையில் இல்லாத கொழுந்தைத் தேடி உடம்பை வருத்துவதில்லை. வீட்டுத் தோட்டத்தில் மரக்கறி போடுவார்கள், விறகு சேர்ப்பார்கள், ஊருக்குப் போய் வருவார்கள்.

பதிப்பு வேலைக்கும் பருவம் உண்டு. ஜனவரியில் சென்னைப் புத்தகக் கண்காட்சி. நவம்பர், டிசெம்பரில் எல்லாப் பதிப்பாளருக்கும் ஒரே அவசரம். செப்டெம்பரில் கொழும்புப் புத்தகக் கண்காட்சி, அதற்கு முந்திய ஜூலை, ஓகஸ்ட். மற்ற மாதங்களில் வேலை குறைவது இயல்பு. அப்போது பதற்றத்தில் மலிவு வேலைகளை அள்ளிக்கொண்டால் பருவம் வரும்போது கை காலியாக இருக்காது.

*

வீடு. ஒரு காம்பரா 10 அடிக்கு 12 அடி, அதற்கு முன்னால் இஸ்தோப்பு. பழைய லயங்களில் இன்னமும் ஒரு குடும்பம் முழுக்க இதற்குள் இருக்கிறது. வீட்டில் உட்கார்ந்து வேலை செய்கிறவரை வீடு வேலை செய்கிறவராகப் பார்ப்பதில்லை. "சும்மாதானே இருக்கே, தண்ணி புடிச்சிட்டு வாயேன்" என்பது அன்போடு சொல்லப்படுவது. ஆண்பிள்ளையிடம் ஒரு தடவை கேட்பார்கள், பெண்பிள்ளையிடம் பகல் முழுக்கக் கேட்பார்கள்.

பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலியர் 1980களின் பிற்பகுதியில் மாணவராக இருந்தபோது தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரத்தை வைத்து 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு என்ற முறையை உருவாக்கினார். பொமொடோரோ என்று உலகமெங்கும் சொல்கிறார்கள். நல்ல முறைதான். ஆனால் அது கதவுள்ள அறை ஒன்றை முன்கூட்டியே எடுத்துக்கொள்கிறது. குழாயில் தண்ணீர் காலையில் ஒரு மணித்தியாலம் மட்டும் வருகிற லயத்தில், அந்த ஒரு மணித்தியாலம் எந்தப் பெண்ணுக்கும் வேலை நேரமாக முடியாது. நேர முகாமைத்துவப் புத்தகங்களில் சோறு யார் ஆக்கினார்கள் என்று ஒரு வரி வருவதில்லை. அம்மா கொழுந்துக்குப் போன காலத்தில் 4 மணிக்கு எழும்பி, அடுப்பு மூட்டி, ரொட்டி சுட்டு, பிள்ளைகளைப் பிள்ளைக் காம்பராவில் விட்டு, பிரட்டுக்குப் போய், 5 மணிக்குத் திரும்பி மறுபடி அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தார். வெளிப்புல்லு, கவ்வாத்து வேலைக்குப் போன ஆண்கள் மத்தியானத்தோடு வந்துவிடுவார்கள். இருவருக்கும் ஒரே பேர்.

இப்போது டேட்டா என்ட்ரி, டிசைன் படித்துவிட்டு வீட்டிலிருந்து உழைக்கிற தங்கச்சிமாருக்கு அதே பகல் திரும்பி வருகிறது. அவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். வீட்டாரிடம் மணியைச் சொல்லுங்கள். 9இலிருந்து 12 வரை என்று வாயால் சொல்லி, சுவரில் எழுதி ஒட்டுங்கள். பால்வெட்டுக்குப் போனவரை யாரும் பாதியில் கூப்பிடுவதில்லை. அந்த மரியாதை இந்த வேலைக்கும் வர வேண்டும். அதோடு, தோட்டத்தில் பேர் இல்லாத தாயின் பிள்ளைக்கும் பிள்ளைக் காம்பராவில் இடம் கிடைத்தாக வேண்டும். இதை ஒரு தங்கச்சி தனியாகக் கேட்டு வாங்க முடியாது. சங்கங்கள் கேட்க வேண்டும்.

*

1966இலிருந்து 1971 வரை இந்த நாட்டில் சனி ஞாயிறு விடுமுறையே இல்லை. போயாவும் அதற்கு முந்திய நாளும்தான் வார விடுமுறை. 1996இல் மின்சாரத் தட்டுப்பாட்டுக்காகக் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளி, சில மாதத்தில் அரை மணித்தியாலம் பின்னே இழுத்து, 2006 ஏப்ரலில்தான் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தார்கள். வாரத்தையும் கடிகாரத்தையும் ஓர் அறிவித்தலால் மாற்ற முடிந்திருக்கிறது. என் வார விடுமுறையைப் புதன்கிழமைக்கு வைத்திருப்பதற்காக யாரும் என்னைக் கண்டிக்கத் தேவையில்லை.

வெளிநாட்டுக் கிளையண்ட். கோடையில் டொரொண்டோவின் காலை 9 மணி நமக்கு மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30. லண்டனுக்கு 1.30, 2.30. மெல்பேர்னுக்கு விடியற்காலை 4.30, அவர்களுடைய கோடையில் 3.30. மூன்று இடத்தையும் ஒரே வாரத்தில் ஏற்றுக்கொண்டால் தூங்க மணி இல்லை. நான் லண்டனையும் டொரொண்டோவையும் வைத்துக்கொண்டேன்.

*

காசும் நேரமும். ஃபைவரில் வேலை முடிந்தாலும் சாதாரணமாகக் காசு கைக்கு வர 14 நாள். பதிப்பாளர் சிலர் புத்தகம் வெளியான பிறகு தருவார்கள். இன்று வந்த காசை இன்று செலவழித்தால் அடுத்த வாரம் பயத்தில் எதையும் ஏற்றுக்கொள்ள வேண்டிவரும். தோட்டத்தில் சம்பளம் 10ஆம் திகதி. கடைக் கொப்பி, சீட்டு, கோயில் வரி எல்லாம் அந்தத் திகதியை ஒட்டித்தான் ஓடுகின்றன. வருகிற காசெல்லாம் ஒரு கணக்கில் சேரட்டும், அதிலிருந்து மாதம் ஒரு தொகை 10ஆம் திகதி மட்டும் வீட்டுக்கு என்று வைத்துக்கொண்டேன். அம்மாவுக்கு அப்போதுதான் இது வேலையாகத் தெரிந்தது.

*

தீபாவளி, தைப்பொங்கல், சித்திரை, மாசியில் காமன் கூத்து, கோயில் திருவிழா. இவை ஜனவரியிலேயே கலண்டரில் அடைபட வேண்டும். கிளையண்ட்டுக்குத் தெரியாது, நாம் சொன்னால் மதிப்பார்கள்.

சாவு வீடு கலண்டரில் வராது. ஒரு லயத்தில் ஒருவர் இறந்தால் பந்தல் போட, குழி வெட்ட, தேத்தண்ணி ஊற்ற எல்லோரும் வேண்டும். அன்றைக்கு டெட்லைன் என்று சொல்லிக் கதவைச் சாத்துகிற ஆளாக நான் இருக்கமாட்டேன். அதற்காக வாரத்தில் ஒரு நாளை எவருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறேன். சாவு இல்லாத வாரங்களில் அந்த நாள் பிந்திய வேலைகளுக்கு ஆகும்.

*

இடி. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் 2 மணிக்குப் பிறகு இரத்தினபுரி, கேகாலை மலைகளில் மின்னல் இறங்கும். ரவுட்டரைக் கழற்ற வேண்டும், லப்டொப்பின் வயரையும். கரண்ட் போனால் டவரின் பற்றரி தீரும்வரைதான் சிக்னல். 2022 மார்ச் கடைசியில் நாடு முழுக்க 13 மணித்தியால மின்வெட்டு வந்தபோது கொழும்பு திகைத்துப் போனது. எங்களுக்கு அந்தப் பழக்கம் இடிக்காலங்களில் கொஞ்சம் இருந்தது: காலையில் சார்ஜ், ஒவ்வொரு மணிக்கும் கோப்பை அனுப்பி வைப்பது, படிக்க வேண்டியதைத் தாளில் எடுத்துக்கொள்வது.

வரப்போகும் ஒக்டோபருக்கு: பிற்பகல் மணிகளைக் கணக்கில் சேர்க்காமல் திகதி கொடுக்க வேண்டும். கிளையண்ட்டிடம் காரணத்தையும் சொல்லிவிடலாம், மறைக்க ஒன்றுமில்லை. வாரத்துக்கு ஒரு பெரிய வேலைதான். இரண்டாவதாகக் கேட்டு வருகிறவருக்கு நவம்பர் கடைசி. சப்டைட்டில் வேலை டிசெம்பர் வரை எடுப்பதில்லை. பெரிய கோப்புகளை விடியற்காலையில் ஏற்றுவது.